காபி சொல்லும் கடின நீர்ப் பாடம்

வானூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு நீரின் கடினத்தன்மையை வீட்டுக் காபியிலிருந்தே விளக்குகிறேன். ஒரே தூள், ஒரே அளவு. ஆனால் பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் இறக்கிய டிகாஷன் சப்பென்றிருக்கும். காபியின் இளம்புளிப்பை அது சமன்செய்துவிடுகிறது. அந்நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படியும் வெண்படிவு, கால்சியம் கார்பனேட். இது தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட், குளோரைடுகளால் வருவது காய்ச்சினாலும் நீங்காது.

"உப்புத் தண்ணியைக் காய்ச்சினா நல்ல தண்ணி ஆயிடுமா சார்?" என்று கேட்பார்கள். மரக்காணம் உப்பளத்தைச் சுட்டுவேன்: நீர் ஆவியாகும், உப்பு தங்கும்.

குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது ஐ.எஸ். 10500:2012. வீட்டு நீரைச் சோப்பு நுரைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நுரை குறைந்த தெருக்களை மாணவர்களே ஊர் வரைபடத்தில் குறிக்கட்டும்.