நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது

அன்புள்ள கண்ணம்மா,

விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் மிதந்த காணொளியைப் பார்த்துவிட்டு, "அங்கே புவியீர்ப்பே கிடையாதா மாமா?" என்று கேட்டிருந்தாய். பெரியவர்களிலேயே பலர் கிடையாது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் உண்டு. அந்த நிலையம் தரைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நாம் நிற்கும் தரையே பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இன்னும் ஒரு 400 சேர்ந்தால் ஈர்ப்பு எவ்வளவு குறைந்துவிடும்? தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார். மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக, ஒரு முனை வெளியே நீட்டியிருக்கும்படி வை. நீட்டிய முனையின்மேல் ஒரு நாணயம். ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள குறுகலான மூலையில், மேசைமேல், இன்னொரு நாணயம். ஸ்கேலின் உள்முனையை விரலால் அழுத்திக்கொண்டு, வெளிமுனையை இரண்டாவது நாணயம் இருக்கும் பக்கமாகச் சட்டென்று தட்டு. ஒரு நாணயம் நேராகக் கீழே விழும். மற்றது அறைக்குள் தூரமாய்ப் பாயும். காதைத் தீட்டிக்கொண்டு கேள்: இரண்டும் தரையில் மோதும் சத்தம் ஒன்றாகவே வரும். பாய்ந்து போன நாணயம் அதற்காகத் தாமதமாக விழவில்லை. முன்னால் ஓடுவது ஒரு கணக்கு, கீழே விழுவது தனிக் கணக்கு.

இதைப் பிடித்துக்கொண்டு நியூட்டன் வெகுதூரம் யோசித்தார். மிக உயரமான ஒரு மலையுச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைக் கிடையாகச் சுடுவதாக வைத்துக்கொண்டார். வேகம் கூடக் கூட, குண்டு தள்ளிப் போய் விழும். அந்தப் படம் அவர் மறைவுக்குப் பின் 1728-இல் அச்சான நூலில் இருக்கிறது. காற்றை விட்டுவிட்டால், எந்தப் பொருளும் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் விழும். பூமியோ உருண்டை, 8 கிலோமீட்டர் நேராகப் போனால் தரை எவ்வளவு கீழிறங்கியிருக்கும்? 8-ஐ 8-ஆல் பெருக்கி, பூமியின் விட்டமான 12,800-ஆல் வகு. 0.005 கிலோமீட்டர், அதாவது 5 மீட்டர்! நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குண்டு 5 மீட்டர் விழுவதற்குள் தரையும் 5 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடவே தொடாது.

விண்வெளி நிலையம் செய்வதும் இதுதான். நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த ஓட்டத்தைத் தக்கவைக்க எஞ்சின் ஓயாமல் தள்ள வேண்டியதில்லை. தடுப்பார் இல்லையென்றால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உயரத்திலும் மிச்சமிருக்கும் துளிக் காற்று உரசி வேகத்தைக் குறைப்பதால், அவ்வப்போது ஓர் உந்து கொடுக்கிறார்கள், அவ்வளவே. நிலையமும், உள்ளே இருக்கும் மனிதரும், அவர் கையிலிருந்து நழுவிய நீர்த்துளியும் ஒரே சீராக விழுகிறார்கள். காலுக்கடியில் எடை மெஷினை வைத்தாலும் அதுவும் கூடவே விழும், பூஜ்யம்தான் காட்டும். நாம் மிதப்பது என்று சொல்வது இந்தக் கூட்டு விழுதலைத்தான்.

இனி உன் முறை. நிலா நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில், நொடிக்கு 1.02 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பூமிக்குச் செய்த அதே கணக்கைச் செய்: 1.02-ஐ 1.02-ஆல் பெருக்கி, நிலாவின் பாதையின் விட்டமான 7,68,000-ஆல் வகு. ஒரு நொடியில் நிலா எவ்வளவு விழுகிறது என்பது கிடைக்கும். பிறகு வேறு வழியில் போ. நிலா பூமியின் மையத்திலிருந்து, தரையைவிட 60 மடங்கு தள்ளி இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்பது நியூட்டனின் விதி. ஆகவே தரையில் ஒரு நொடியில் விழும் தூரத்தை, இன்னும் துல்லியமாகச் சொன்னால் 4.9 மீட்டரை, 60-இன் வர்க்கமான 3,600-ஆல் வகு. இரண்டு வழியிலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும்.

வந்துவிட்டால், மரத்திலிருந்து விழும் மாங்காய்க்கும் நிலாவுக்கும் ஒரே விதிதான் என்பதை நீ என்னை நம்பியோ புத்தகத்தை நம்பியோ ஏற்க வேண்டியதில்லை. அது நீயே சரிபார்த்த உண்மை. இயற்பியல் படிப்பதென்றால் இப்படித்தான் படிக்க வேண்டும், கண்ணம்மா. கணக்கைப் போட்டு, தாளோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா