குடும்பத்தில் புற்றுநோய்: ஆலோசனை அறையில் நான் கற்ற பாடம்

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் மருத்துவமனையில் நான் செய்த பிழை ஒன்று உங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்கு 36 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. 1994-இல் கண்டறியப்பட்ட மரபணு இது. இது பழுதானால் மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. மரபியல் ஆலோசகர் அக்காவையும் அழைத்துவரச் சொன்னார். ஆலோசகருக்கு இந்தியும் ஆங்கிலமும். அக்காவுக்குத் தமிழ் மட்டுமே. நான் மொழிபெயர்த்தேன்.

"உங்கள் அக்காவுக்கும் ரிஸ்க் இருக்கலாம், சோதித்துக்கொள்வது நல்லது" என்றார் அவர். நான் அவசரத்தில், "உனக்கும் அந்த வியாதி இருக்காம்க்கா" என்றேன்.

"எனக்கும் வந்துட்டாடா தம்பி?" என்று அக்கா அழத் தொடங்கினாள்.

ஆலோசகர் பேச்சை நிறுத்தினார். "அவர்களுக்கு என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. அக்காவிடம் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்: "தண்டவாளத்தை மெஷின் வச்சு சோதிப்போம். உள்ளே குறை தெரிஞ்சா பெயின்ட்ல குறி போடுவோம். குறி போட்டதெல்லாம் உடைஞ்ச தண்டவாளம் இல்லை. சிலதைக் கண்காணிப்போம், சிலதை மாத்துவோம்."

"அப்ப இன்னும் உடையல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று கற்றவை:

1. சதவீதத்தை ஆட்களாக்கிக் கேளுங்கள். இந்த மாற்றம் உள்ள 100 பெண்களில் 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம். மற்றவர்களுக்கு வராது.

2. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கு பிள்ளைகளில் இருவருக்குத்தான் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பிறப்பிலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. தந்தை வழியாகவும் இறங்கும்.

3. சில சமயம் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று முடிவு வரும். அதை மட்டும் நம்பி அறுவைச் சிகிச்சைக்குப் போகக்கூடாது.

4. எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு, மருந்து, சினைப்பையை அகற்றுதல் என்று வழிகளை ஆலோசகர் விளக்குவார். முடிவு நம்முடையது. சோதனையே வேண்டாம் என்பதும் நம் உரிமை.

பிறகு அவர் வம்ச வரைபடம் போட்டார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். "உங்கள் தாயார் எதனால் இறந்தார்?" என்று கேட்டார். "வயிற்றுக் கட்டி" என்றே அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தோம். சினைப்பைப் புற்றுநோய் என்பது அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வீட்டுப் பெண்களுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைத்தோம். முன்பே சொல்லியிருந்தால் அக்கா மகளுக்குக் கண்காணிப்பு முன்பே தொடங்கியிருக்கலாம்.

அக்காவுக்கு அந்த மாற்றம் இருந்தது. எனக்கும் இருக்கிறது. என் மகள்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மூத்தவள் சோதித்துக்கொண்டாள். இளையவள், "இப்போ வேண்டாம்ப்பா" என்றாள். வற்புறுத்தவில்லை. அண்ணன் இன்னும் தம் பெண்ணிடம் சொல்லவில்லை, நானும் விடுவதாயில்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இத்தகைய ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் அங்கே கேட்கும் முதல் கேள்விக்கான விடை நம் ஊரில் இருக்கிறது. அடுத்த முறை விடுமுறைக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்: யாருக்கு, என்ன நோய், எந்த வயதில்.