அல்லியை வென்றது வில்லோ? வஞ்சமோ?

முன்னுரை

வீரனும் வீரமங்கையும் பகைவராய் எதிர்நின்று பின்னர்த் துணைவராய் இணையும் கதைகள் உலக இலக்கியங்கள் பலவற்றுள் உள்ளன. தமிழில் இவ்வகைக்குச் சிறந்த சான்றாக விளங்குவது அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடல். ‘பெரிய எழுத்து’ நூலாகத் திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்கப்பெற்று, எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க ஊரார் கூடியிருந்து கேட்ட நூல் இது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கினும், நளவெண்பாவின் நடைக்கும் இதன் நடைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆதலின், இது பிற்காலத்தார் பாடியது என்பதே அறிஞர் பலர் கொள்கை. அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டுப் பழகிய கொங்கு நாட்டு மாணவர்க்கு இத்தகைய பாடல் புதிதன்று. அல்லியை அருச்சுனன் எவ்வழியில் அடைந்தான், அவ்வழி நமக்கு உணர்த்துவது யாது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

கதைப் போக்கு

மதுரைப் பாண்டியன் மகளாய் வளர்கின்றாள் அல்லி. நாட்டைக் கவர்ந்துகொண்ட நீன்முகனைச் சிறுவயதிலேயே கொன்று அரியணையை மீட்கின்றாள். அதன்பின் அவளே அரசாணி. அமைச்சரும் பெண்டிர், படைஞரும் பெண்டிர், வாயில் காப்போரும் பெண்டிர். ஆடவர்க்கு அவள் அரண்மனையில் இடமில்லை. மணம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

தீர்த்த யாத்திரையாகத் தென்னாடு வந்த அருச்சுனன் அவள்மேல் காதல் கொள்கின்றான். காண்டீபம் ஏந்திய அவ்வீரனால் அவளை இசைவிக்க இயலவில்லை. கண்ணனின் துணையை நாடுகின்றான். பரவலாக வழங்கும் வடிவத்தில், கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் உருமாறி அரண்மனைக்குள் நுழைகின்றனர். உறங்கும் அல்லியின் கழுத்தில் அருச்சுனன் தாலி கட்டிவிடுகின்றான். விழித்தெழுந்த அல்லி மனம் உவக்கவில்லை, சினம் கொள்கின்றாள். பகையும் பூசலும் தொடர்ந்து, பின்னரே இணக்கம் பிறக்கின்றது. புலந்திரன் என்னும் மகனும் பிறக்கின்றான்.

காவியமும் கதைப்பாடலும்

வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் அருச்சுனன் மணலூர் மன்னன் சித்திரவாகனன் மகள் சித்திராங்கதையை மணக்கின்றான். வில்லிபுத்தூரார் பாரதம் அவளைப் பாண்டியன் மகளாகவே கூறும். அல்லிக் கதைக்கு அடிப்படை இச்சித்திராங்கதை வரலாறே எனக் கருதுவோர் உளர்.

காவியத்தில் அருச்சுனன் பெண்ணின் தந்தையிடம் முறைப்படி கேட்கின்றான். தந்தையும், பிறக்கும் மகன் தன் குலத்துக்கே உரியவன் ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடு இசைகின்றான். பேச்சு முழுவதும் இரு ஆடவரிடையே முடிந்துவிடுகின்றது. சித்திராங்கதையின் உள்ளம் யாது எனக் கேட்பார் அங்கில்லை.

கதைப்பாடல் இவ்வமைப்பை மாற்றிவிட்டது. அரியணையில் தந்தை இல்லை; மகளே இருக்கின்றாள். பெண் கேட்க வந்தவன் அவளிடமே கேட்க வேண்டியவன் ஆகின்றான். அவள் தரும் விடையோ மறுப்பு. அம்மறுப்பை மாற்றும் உரிமை படைத்த வேறொருவர் அந்நாட்டில் இல்லை. எனவேதான் இங்குப் பாம்பாட்டி வேடம் தேவைப்படுகின்றது. காவியத்தில் தேவைப்படாத வஞ்சம் கதைப்பாடலில் தேவைப்பட்டதற்குக் காரணம், பெண்ணின் இசைவு அங்கு ஒரு பொருளாகிவிட்டமையே எனலாம்.

தடாதகையும் அல்லியும்

மதுரை மண்ணுக்கு மற்றொரு வீர அரசியும் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் தடாதகைப் பிராட்டியார், மலையத்துவச பாண்டியனின் வேள்வியில் தோன்றி, ஆட்சி ஏற்று, திசைகளை வென்று கயிலை வரை செல்கின்றார். அங்கே தமக்குரியவரைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைய, வீரம் நாணமாக மாறுகின்றது. அம்மாற்றம் முன்னரே விதிக்கப்பட்டது. அங்கு வஞ்சனை இல்லை, மறுப்பும் இல்லை.

அல்லிக்கு அத்தகைய விதி எதுவும் கூறப்படவில்லை. அருச்சுனனைக் கண்ட அளவில் அவள் நாணித் தலைகுனியவில்லை. ஒரே ஊரின் இரு கதைகளுள், புராணம் தெய்வத் திருமணத்தில் நிறைவு காண்கின்றது. நாட்டார் பாடலோ மனிதப் பெண் ஒருத்தியின் சினத்தை மறைக்காமல் பதிவு செய்கின்றது.

பிற இலக்கியங்களில் வீரமங்கையர்

ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் எழுந்த செருமானியக் காவியம் நிபெலுங்கப் பாடல். அதில் ஐஸ்லாந்தின் அரசி புருன்ஹில்ட், ஈட்டி எறிதல், கல்லெறிதல், தாண்டுதல் ஆகியவற்றில் தன்னை வெல்பவனையே மணப்பதாக அறிவிக்கின்றாள். குந்தர் என்னும் மன்னனுக்கு அவ்வாற்றல் இல்லை. உருமறைக்கும் போர்வை அணிந்த சீக்பிரீட் அவன் அருகில் நின்று வென்று கொடுக்கின்றான். மணந்தபின்னும் அடங்காத அவளை அடக்க மீண்டும் அதே மறைவு தேவைப்படுகின்றது. உண்மை வெளிப்பட்ட நாளில் தொடங்கிய பகை சீக்பிரீட்டின் கொலையாகி, முடிவில் ஒரு குலத்தின் அழிவாகின்றது.

இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ 1516இல் வெளியிட்டு 1532இல் விரிவுபடுத்திய ‘ஒர்லாந்தோ பூரியோசோ’ வேறு வழி காட்டுகின்றது. கிறித்தவ வீரமங்கை பிராடமாந்தேயும் முசுலிம் படையைச் சேர்ந்த ருஜ்ஜீரோவும் காதலர். பெற்றோர் வேறொருவனுக்கு மணம் பேசவே, கதிர் எழுந்தது முதல் மறையும் வரை தன் வாளுக்குத் தாக்குப்பிடிப்பவனுக்கே தன் கை உரியது என மன்னன் வாயாலேயே ஆணை பெறுகின்றாள். மாற்றுருவில் வந்து நாள் முழுதும் அவளோடு போரிட்டு நிற்பவன் ருஜ்ஜீரோவே என்பது பின்னர்த் தெரிய வருகின்றது. வேடம் அங்கும் உண்டு. ஆயினும் நிபந்தனை அவளுடையது, மணமகனும் அவள் விரும்பியவன்.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலும் இம்மரபு இல்லாமல் இல்லை. கிஸ்ஸா வகையைச் சார்ந்த சைத்தூன் கிஸ்ஸா, முகம்மது அனிபாவோடு போரிட்டுப் பின் அவரை மணக்கும் வீரமங்கையைப் பாடுகின்றது. போர்க்களத்தில் நேர் நின்று அறியப்படும் தகுதியே அங்கு மணத்துக்கு வாயில்.

இவற்றோடு வைத்து நோக்கின் அல்லிக் கதையின் தனித்தன்மை விளங்கும். அருச்சுனன் புகழ் பெற்ற வில்லாளி. இருந்தும் கதைப்பாடல் அவனுக்கு வில்லால் வெற்றி தரவில்லை. பாம்பாக ஊர்ந்து செல்லவே விட்டது. நேர்வழியில் அல்லி வெல்லப்படாதவள் என்பதைக் கதை தானே ஒப்புக்கொள்கின்றது என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) நாடகங்களும், 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ திரைப்படமும் இக்கதை மரபை நகர மக்களிடையே பரப்பின. கதையினும் மிகுதியாக மக்கள் நாவில் நிலைத்தது ‘அல்லி ராஜ்யம்’ என்னும் தொடர். பெண்ணொருத்தி பொறுப்பேற்று நடத்தும் வீட்டையோ அலுவலகத்தையோ எள்ளி நகையாட இன்றும் அது வழங்குகின்றது. பாடலிலோ அல்லியின் ஆட்சி நகைப்புக்குரியதன்று. கவரப்பட்ட நாட்டை மீட்டவளின் ஆட்சி அது.

உறங்குபவள் கழுத்தில் கட்டியதைத் திருமணம் என ஏற்றுக்கொண்ட சமுதாயமே அப்பாடலைக் கேட்டது என்பதை நாம் மறுக்க இயலாது. முடிவில் கதை அருச்சுனன் பக்கமே சாய்கின்றது. ஆயினும் அவள் வேண்டாம் என்றதையும், விழித்ததும் சினந்ததையும் பாடிய புலவர் விட்டுவிடவில்லை. கணபதியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவியருள் பலர்க்குப் படிப்பு முடியுமுன்பே வீட்டில் மணப்பேச்சு எழுவதை நாம் அறிவோம். அப்பேச்சில் அவர்கள் விடையும் கேட்கப்பட வேண்டும். மாணவர்களும் இனி ‘அல்லி ராஜ்யம்’ என்று சொல்லுமுன் அந்நூலை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.