சூளை பிரிக்கும் நாள்

ராஜஸ்தான் மாநிலத்தில் நாத்துவாரா நகருக்கு அருகில் மோலேலா என்னும் சிற்றூர் இருக்கிறது. மோலேலா மக்கள் களிமண்ணில் சாமி உருவம் செய்வதில் பெயர் பெற்றவர்கள். தட்டையான மண் பலகையின் மேல் தேவநாராயணன், நாகதேவதை முதலிய உருவங்களைப் புடைப்பாகச் செய்கின்றனர். இவ்வூர்க் கலைஞர் மோகன்லால் கும்ஹார் 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தை, மாசி மாதங்களில் பில் முதலிய பழங்குடி மக்கள் தொலைவிலிருந்து மோலேலாவுக்கு வருகின்றனர். பூசாரியும் உடன் வருகிறார். செய்தவர் வீட்டுக்கே சென்று உருவத்தைப் பார்த்து வாங்குகின்றனர். ஊருக்கு எடுத்துச் சென்று கோயிலில் வைத்து வழிபடுகின்றனர். செய்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் பேசுகின்றனர். இடையில் தரகர் தேவைப்படுவதில்லை.

இன்று நாட்டின் பல இடங்களில் மட்பாண்டக் கூடங்கள் சூளை பிரிக்கும் நாளில் மக்களை அழைக்கின்றன. பாண்டம் வெளிவருவதை எல்லோரும் பார்க்கலாம். பிடித்ததை அங்கேயே வாங்கலாம். கிராமத்து மண்பாண்டத் தொழிலாளர் குழுக்களும் இப்படிச் செய்யலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வந்தவர்கள் காத்திருப்பார்கள். சூளையோ இன்னும் ஆறியிருக்காது. அப்போது என்ன செய்வது?

சூளைக்குள் நடப்பது என்ன?

வெயிலில் காய்ந்த பானையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அதனால் முதலில் சிறு தீயாகவே மூட்ட வேண்டும். தீ சட்டென்று ஏறினால் ஈரம் நீராவியாகிப் பானையை வெடிக்கச் செய்யும். மோலேலாவில் களிமண்ணுடன் கழுதைச் சாணம் கலக்கின்றனர். சூளையில் சாணம் எரிந்து நுண்ணிய துளைகள் உண்டாகும். நீராவி அவற்றின் வழியே வெளியேறும்.

சூடு ஏறஏற மண்ணின் தன்மையே மாறுகிறது. பச்சைப் பானை தண்ணீரில் கரைந்துவிடும். சுட்ட பானை கரையாது.

அவசரம் ஏன் கூடாது?

தீ அணைந்ததும் வேலை முடிந்துவிடாது. சூடு ஆறுவதும் சுடுவதில் ஒரு பகுதியே. சூடான பானை ஆறும்போது சுருங்குகிறது. களிமண்ணில் உள்ள மணல், சூடு ஏறக்குறைய 573 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்போது சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் சூளையைத் திறந்தால் குளிர்காற்று உள்ளே பாயும். பானையின் ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் சுருங்கும். பானை விரிசல் விடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

சூளையின் மேல் தண்ணீர் ஊற்றியும் ஆற வைக்கக் கூடாது. பானை உடையும். நீராவி பொங்கி ஆளைச் சுட்டுவிடும்.

அழைப்புச் சொல்லும் முன்

சூளை ஆற வழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று தொழிலாளிக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு நாள் கூட்டியே அழைப்பு நாளைக் குறிக்க வேண்டும். மழைக்காலத்தில் விறகும் பாண்டமும் ஈரமாயிருக்கும். அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியும் சூடு ஆறவில்லை என்றால் அதை வந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சக்கரத்தில் பானை வனைவதைக் காட்டலாம். குழந்தைகளிடம் ஒரு பிடி மண் கொடுத்து உருவம் செய்யச் சொல்லலாம். விருந்தினர் காத்திருக்கலாம். அவசரப்பட்டால் பானை உடைந்துவிடும்.

பிரிக்கும் நாளில்

சூளையைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். குழந்தைகள் உள்ளே வரக் கூடாது. சாம்பலுக்கு அடியில் நெருப்புத் துண்டு கனன்று கொண்டிருக்கும். உடைந்த ஓடு காலைக் கிழிக்கும். பிரிப்பவர்கள் பருத்தி உடையும் செருப்பும் அணிய வேண்டும்.

மேல் மூடியைச் சிறிது சிறிதாக நீக்க வேண்டும். எடுத்த பானையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பானை கணீரென ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். பிறகு மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். நல்லவை ஒரு பக்கம். நிறம் மாறியவை, சற்றே கோணியவை ஒரு பக்கம். குறையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். உடைந்தவை ஒரு பக்கம். இவற்றை அடுத்த சூளையை மூடப் பயன்படுத்தலாம். தூளாக்கி மண்ணிலும் கலக்கலாம்.

விரிசலை மறைத்து விற்றால் ஒரு பானை விலைபோகும். ஆனால் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

விலைக் கணக்கு

ஒரு குழு 100 சட்டிகளைச் சூளையில் வைத்தது என்று கொள்வோம்.

மண், மணல்: 600 ரூபாய்
விறகு: 900 ரூபாய்
வண்டி வாடகை: 300 ரூபாய்
வேலை செய்தவர் கூலி: 5,400 ரூபாய்
மொத்தச் செலவு: 7,200 ரூபாய்

7,200-ஐ 100-ஆல் வகுத்தால் ஒரு சட்டியின் அடக்க விலை 72 ரூபாய். ஆனால் 10 சட்டிகள் உடைந்துவிட்டன. விற்க இருப்பவை 90 மட்டுமே. 72 ரூபாய் வீதம் விற்றால் 6,480 ரூபாய்தான் கிடைக்கும். 720 ரூபாய் நட்டம். ஆகவே 7,200-ஐ 90-ஆல் வகுக்க வேண்டும். அடக்க விலை 80 ரூபாய். இதன் மேல்தான் லாபம் வைக்க வேண்டும்.

பலர் தம் கூலியைச் செலவில் சேர்ப்பதில்லை. வீட்டுப் பெண்கள் மண் பிசைந்த உழைப்பையும் சேர்ப்பதில்லை. அதுவும் செலவுதான்.

சூளையின் எந்தப் பகுதியில் எத்தனை உடைந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி, விறகின் அளவு, ஆறிய நேரம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். நாலைந்து சூளைக்குப் பிறகு அந்த நோட்டைப் படித்தால் தவறு எங்கே என்று புரியும். எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இங்கே கைமேல் கிடைக்கிறது.

விடை கூறுங்கள்

1. சூளையைச் சூடாக இருக்கும்போதே பிரித்தால் என்ன ஆகும்?
2. மோலேலாவில் களிமண்ணுடன் எதைக் கலக்கின்றனர்? ஏன்?
3. நல்ல பானையை எப்படி அறியலாம்?

கணக்குப் போடுங்கள்

மேலே உள்ள கணக்கில் 10-க்குப் பதில் 20 சட்டிகள் உடைந்தால் அடக்க விலை என்ன?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் கைத்தொழில் செய்வோர் யார் யார்? அவர்கள் தம் கூலியைச் சேர்த்து விலை வைக்கிறார்களா?