வண்டிப் பாதைக்கு அடியில் பைப்பும் கேபிளும்

போன வருஷம் சித்திரையில தோட்டத்து வாசல் பாதையில, காங்கிரீட் ஓரமா ஈரம் தெரிஞ்சது. யாரோ குடம் வச்சு எடுத்திருக்காங்கன்னு விட்டுட்டேன். மூணாம் நாள் மோட்டார் ஓடுது, மறுபக்கத் தொட்டியில பாதித் தண்ணிகூட விழல.

எங்களுது விருதுநகர் மாவட்டக் கரிசல். மழை பெஞ்சா எரு ஏத்தின டிராக்டர் வாசல்லயே புதைஞ்சிரும். அதனாலதான் 12 அடி அகலத்துக்குக் காங்கிரீட் பாதை போட்டேன். நிலத்துல சிமெண்ட் கொட்டுறது எனக்கும் பிடிக்காத காரியந்தான். போர் ஒரு பக்கம், நிலம் மறுபக்கம். ஆக, தண்ணி பைப்பும் இன்னொரு மோட்டாருக்குப் போற கேபிளும் பாதையைக் குறுக்கே கடந்தாகணும். ஒரு அடி ஆழத்துல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு, மேலேயே கலவையைக் கொட்டினோம். "இப்படிப் போடலாமா?"ன்னு கேட்டதுக்கு, "காங்கிரீட்டுக்குள்ள இருந்தா இன்னும் பத்திரம் அண்ணாச்சி"ன்னார் கொத்தனார். எனக்கும் அது சரின்னுதான் பட்டது.

அதுதான் தப்பு. கரிசல் மண் ஈரத்துல உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். மண்ணோட சேர்ந்து பைப்பும் அசையும். பிவிசி பைப்பு தானாவே சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். ஆனா காங்கிரீட் பிடிச்ச பாகம் மட்டும் அசையாது. அசையிறதும் அசையாததும் சேருற ஓரத்துலதான் எங்க பைப்பு கீறல் விட்டிருந்தது. காங்கிரீட்டை உடைக்கும்போது கடப்பாரை பட்டுக் கேபிளும் அறுந்துச்சு. நல்லவேளை, முன்னாடியே பியூஸைப் பிடுங்கிப் பையில போட்டிருந்தேன். சுவிட்சை மட்டும் நம்பி இறங்காதீங்க.

எல்லாம் சரியாக ஒன்பது நாள் ஆச்சு. விதைக்குன்னு விட்டிருந்த நாட்டுக் கத்தரி நாலு பாத்தியும் அந்த வெயில்ல கருகிடுச்சு. முந்தின வருஷம் என்கிட்ட விதை வாங்கிட்டுப் போன பக்கத்து ஊர் அக்கா ஒரு பிடி திருப்பிக் கொடுத்தாங்க. இல்லைன்னா அந்த ரகமே என் கையை விட்டுப் போயிருக்கும்.

ரெண்டாவது தடவை செய்ததைச் சொல்றேன். தண்ணி போற பைப்பு இரண்டரை இஞ்ச். அதை நாலு இஞ்ச் பைப்புக்குள்ள விட்டோம். வெளியே இருக்கிற பெரிய பைப்பு வெறும் உறைதான், அதுல தண்ணி போகாது. சுமையை அது தாங்கும். உள்பைப்பு தன் போக்குல நீண்டு சுருங்கும். பழுதானா உள்பைப்பை அறுத்து அறுத்து இழுத்துட்டுப் புதுசை நுழைக்கலாம், பாதையை உடைக்க வேண்டியதில்லை. உறை, காங்கிரீட் ஓரத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி நீண்டு நிக்கணும். பைப்பு 20 அடி நீளத்துல வருது, அதனால பாதைக்கு அடியில ஒட்டு வராமப் பார்த்துக்கலாம். எந்த ஒட்டா இருந்தாலும் வெளியே, தோண்டினா கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

கேபிளுக்குத் தனியா ரெண்டு இஞ்ச் உறை, தண்ணி பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி. வெறுமனே மண்ணுல புதைச்சா எலி கடிக்கும், மண்வெட்டி பட்டும் போகும். கேபிள் உறைக்கு மேலே ஒரு சாண் மண் போட்டு, செங்கல்லை ஒரு வரிசை அடுக்கினோம். நாளைக்கு யார் தோண்டினாலும் முதல்ல செங்கல் தட்டுப்படும்.

இந்தத் தடவை பள்ளம் மூணு அடி. அடியில 4 இஞ்ச் மணல், பைப்பைச் சுத்தியும் மணல்தான், கல் ஒண்ணுகூடக் கிடையாது. தோண்டின கரிசலைத் திரும்ப அதுக்குள்ள போடல, அதை வயலுக்கு அள்ளிட்டு சரளையால நிரப்பினோம். அரையடிக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சுத் திமிசு போட்டு இடிச்சோம். இதுல அவசரப்பட்டா பள்ளம் பின்னாடி இறங்கும், மேலே இருக்கிற காங்கிரீட் அந்தரத்துல நின்னு டிராக்டர் சக்கரத்துக்கு உடையும். அதுக்காகவே பள்ளத்துக்குக் குறுக்கே, ரெண்டு கரையிலும் ஒரு அடி ஏறுற மாதிரி 8 மில்லி கம்பி கட்டினோம். மூடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா மோட்டாரை ஓட்டி ஒட்டுகளைத் தடவிப் பார்த்தாச்சு.

காங்கிரீட் அரையடி கனம், 1:2:4 கலவை. 10 நாள் சாக்கு போட்டு நனைச்சோம், 28 நாள் டிராக்டரை விடல. கலவை ஈரமா இருக்கும்போதே பைப்பு போற இடத்துல ரெண்டு ஓரத்திலயும் கரண்டியால அம்புக்குறி கீறி வச்சேன். உறைகளோட வாயில தேங்காய் நாரை அடைச்சாச்சு. இல்லைன்னா எலியும் தவளையும் குடியிருக்கும்.

செலவோட செலவா, இன்னொரு உறையைக் காலியாவே போட்டு, உள்ளே நைலான் கயிறு ஒண்ணு விட்டு வச்சோம். "இது எதுக்கு அண்ணாச்சி, வீண் செலவு?"ன்னார் கொத்தனார். இந்தத் தையில ஜீவாமிர்தத் தொட்டியைப் பாதைக்கு இந்தப் பக்கம் மாத்தினேன். ஓஸை அந்தக் கயிற்றுல கட்டி இழுத்தோம், கால் மணி நேரத்துல அந்தப் பக்கம் போயிருச்சு.