குறைவாக மதித்தல்: ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பித்தல்

"ஐ டோன்ட் திங்க் மச் ஆஃப் ஹிம்" என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டுப் பாருங்கள். "நான் அவரைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை" என்றே மாணவர் பலர் கூறுவர். உண்மைப் பொருள், "அவர்மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை" என்பதாகும். "ஐ ஹேவ் நோ டைம் ஃபார் ஹிம்" என்பதையும் "அவருக்காகச் செலவிட நேரமில்லை" என்று கொள்வர். பல இடங்களில் அதன் பொருள், "அவரை நான் மதிப்பதில்லை" என்பதே.

இதனைத் தமிழிலிருந்து தொடங்கலாம். "என்னைக் கிள்ளுக்கீரையாக நினைக்கிறான்" என்றால் எந்த மாணவரும் கீரையைத் தேடுவதில்லை. ஆங்கிலத்திலும் தொடரை முழுதாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அப்போது எளிதில் விளங்கும்.

அடுத்து மூன்று செய்திகளைக் கவனப்படுத்துக.

1. சிறுசொல் பொருளை மாற்றும். "லுக் டவுன்" என்றால் கீழே பார். "லுக் டவுன் ஆன்" என்றால் தாழ்வாகக் கருது. செயப்பாட்டு வினையிலும் "ஆன்" நீங்காது. தேர்வில் மாணவர் விட்டுவிடும் சொல் இதுவே.

2. "லுக் டவுன் ஆன்" என்பதில் தன்னை உயர்வாகக் கருதும் எண்ணம் உண்டு. "டேக் எ டிம் வியூ ஆஃப்" என்பது பெரும்பாலும் ஒரு செயலை ஏற்காமையைக் குறிக்கும். தாமதமாக வருவதைத் தலைமையாசிரியர் விரும்பவில்லை என்பதற்கு இரண்டாவதே பொருந்தும்.

3. தோற்றம் ஏமாற்றும். பத்துக் கிலோமீட்டர் நடப்பதை ஒருவர் "திங்க்ஸ் நத்திங் ஆஃப்" என்றால், அவருக்கு அது எளிது என்று பொருள். இதில் இகழ்ச்சி இல்லை.

எடுத்துக்காட்டுகளைத் தேர்வதில் கவனம் தேவை. ஒருமுறை, பணக்காரர் ஏழைகளைத் தாழ்வாகக் கருதுவதாக ஒரு வாக்கியம் எழுதினேன். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டாள். பொருள் அவளுக்குத்தான் முதலில் புரிந்திருந்தது. அன்றுமுதல் மாணவர் பெயரையோ பெற்றோர் தொழிலையோ இத்தொடர்களோடு இணைப்பதில்லை.

அதற்குப் பதிலாக, ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சு கதையைச் சொல்கிறேன். "தி அதர் டக்ஸ் லுக்ட் டவுன் ஆன் தி டக்ளிங்" என்று எழுதி, செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்கிறேன். "தி டக்ளிங் வாஸ் லுக்ட் டவுன் ஆன் பை தி அதர் டக்ஸ்" என்று வர வேண்டும்.

பாடத்தை எதிர்ச்சொல்லோடு முடிப்பது நன்று. "லுக் அப் டு" என்றால் உயர்வாக மதித்தல். தாம் மதிக்கும் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுதட்டும். அந்த மாணவி பிறகு எழுதியது: "ஐ லுக் அப் டு மை மதர்."