பழைய கணப்படுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், வெர்மாண்ட், மெயின் முதலிய மாநிலங்களின் காடுகளுக்குள்ளே, ஓய்வு நாள்களைக் கழிப்பதற்கென்று சிறிய மரக் கேபின் ஒன்றை வாங்கிக்கொள்ளும் நடுத்தரக் குடும்பத்தார் பலர், குளிர்காலம் நெருங்கும்போது தேடிப் போவது, யாரோ ஒருவருடைய கொட்டகையில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் பழைய இரும்புக் கணப்படுப்பையே. செங்கல்லால் கட்டிய திறந்த கணப்பின் வாய்க்குள் செருகி வைப்பதற்கென்று செய்த இந்தப் பெட்டியை அங்கே இன்செர்ட் என்பார்கள். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் எரிபொருள் விலை ஏறி, மக்கள் மீண்டும் விறகை நாடிய காலத்தில் இவை ஏராளமாக உற்பத்தியாயின. ஆரிகனில் தோன்றிய ஃபிஷர் அடுப்புகளும், 1975-இல் வெர்மாண்டில் தொடங்கிய வெர்மாண்ட் காஸ்டிங்ஸ் நிறுவனத்தின் வார்ப்பு அடுப்புகளும் அக்காலத்தவையே. வேலைப்பாடு திடமானது, விலையும் சகாயம். ஆயினும் இவற்றைப் பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் சில, குடியிருப்பவர் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

“இரும்பு கனமாக இருக்கிறது, ஆகையால் அழியாது” என்பது முதல் நம்பிக்கை. கனத்தைப் பற்றிச் சொல்வது மெய்தான்; கால் அங்குல எஃகுத் தகட்டால் செய்த இன்செர்ட் ஒன்றை நகர்த்தவே நான்கு ஆட்கள் வேண்டும். ஆனால் அடுப்பைக் கெடுப்பது அதன் வயதைக் காட்டிலும் மிதமிஞ்சிய உஷ்ணமே. காற்று வழியை முழுக்கத் திறந்துவிட்டு வருஷக்கணக்கில் கொழுந்துவிட எரித்தவருடைய அடுப்பில் வார்ப்பிரும்பு விரிசல் கண்டிருக்கும், எஃகுத் தகடு நெளிந்திருக்கும், பற்றவைத்த மூலைகள் விட்டுப்போயிருக்கும். விற்பதற்கு முன் பூசிய புதுக் கறுப்புப் பூச்சு இவை அத்தனையையும் மறைத்துவிடும். ஆகையால் வாங்கப் போகிறவர் அந்தி சாய்ந்த பிறகு போவது உத்தமம். இருண்ட கொட்டகையில், எரிகிற டார்ச் விளக்கை அடுப்பின் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பின்புறமும் அடிப்புறமும் குனிந்து பார்த்தால், மயிரிழை வெடிப்பானாலும் வெளிச்சம் கசிந்து காட்டிக்கொடுக்கும். பிறகு ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும்; அது தடையில்லாமல் வந்துவிட்டால், கதவைச் சுற்றிய அடைப்புக் கயிறு நைந்துவிட்டதென்று அர்த்தம். கயிறும், உள்ளே அடுக்கிய தீச்செங்கற்களும் சொற்பச் செலவில் மாற்றத்தக்கவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அக்காலத்துக் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்தபடியே சுரண்டித் தூசியைச் சுவாசிக்க மட்டும் கூடாது.

இனிச் சொல்லப்போகும் நம்பிக்கையே யாவற்றிலும் அபாயகரமானது: “அடுப்பைக் கணப்புக்குள் தள்ளிவிட்டால் போதும், புகை தானே வழி பார்த்துக்கொள்ளும்.” எழுபதுகளில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். அடுப்பின் புகை வாயை எந்தக் குழாயோடும் இணைக்காமல், முன்பக்க இடைவெளியை ஒரு தகட்டால் அடைத்துவிட்டு, மேலே இருக்கும் பழைய செங்கற் புகைபோக்கியை நம்பிவிட்டார்கள். அந்தப் புகைபோக்கியோ திறந்த கணப்பின் பெருந்தீக்கென்று கட்டப்பட்டது. 12 அங்குலச் சதுரமான அதன் துவாரத்தின் பரப்பு 144 சதுர அங்குலம். 6 அங்குல வட்டமான அடுப்பு வாயின் பரப்போ சுமார் 28 தான். ஒடுங்கிய வாயிலிருந்து புறப்பட்ட புகை ஐந்து மடங்கு அகன்ற குளிர்ந்த குழிக்குள் புகுந்ததும் வேகம் தளர்ந்து, உஷ்ணம் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்க, அதிலுள்ள தார் ஆவிகள் சுவரில் படியத் தொடங்குகின்றன. கிரியோசோட் என்னும் இந்தப் படிவு முதலில் தூரிகைக்கு உதிரும் கரித்தூளாகவும், பிறகு மொறுமொறுப்பான செதிலாகவும், கடைசியில் கறுப்புக் கண்ணாடியைப் போல் பளபளத்து எந்தத் தூரிகைக்கும் மசியாத கெட்டிப் பூச்சாகவும் மாறுகிறது. என்றோ ஒரு நாள் அதில் தீப்பொறி தாவினால், 1,100 டிகிரி வரைக்கும் ஏறக்கூடிய தீ புகைபோக்கிக்குள்ளேயே மூண்டு, செங்கல்லின் விரிசல் வழியே கூரை மரத்தை எட்டிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், இப்படிச் செருகிய அடுப்பின் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் அந்தக் கனத்த பெட்டியை ஒவ்வொரு முறையும் வெளியே இழுத்தாக வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே அந்த வேலையைத் தள்ளிப் போட்டவர்கள் அநேகர்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் விதித்தொகுப்பு இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது: வீட்டுக்குள்ளேயே எழும் புகைபோக்கியானால் அதன் பரப்பு அடுப்பு வாயின் பரப்பைப் போல் மூன்று மடங்குக்கும், வெளிச்சுவராகக் குளிரில் நிற்பதானால் இரண்டு மடங்குக்கும் மேற்படக் கூடாது. அடுப்பு வாயின் அளவுக்கே செய்த, லைனர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு உட்குழாய் ஒன்றைப் புகைபோக்கியின் உச்சி வரைக்கும் இறக்குவதே உரிய பரிகாரம். பழைய அடுப்பின் விலையைக் காட்டிலும் லைனரின் செலவு அதிகமாகிவிடுவது சகஜம். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் அடுப்பு மலிவென்று மகிழ்வது வீண். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740-களில் அமைத்த புகழ்பெற்ற அடுப்புகூட, புகையைக் கீழே இழுத்துப் பின்பு மேலே ஏற்ற முயன்றதனால் சரிவர இயங்கவில்லை. பின்வந்தவர்கள் புகையின் பாதையைத் திருத்திய பிறகே அது பரவிற்று. ஆகவே அடுப்பைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்னால் தம் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படிப் பார்க்கும்போது வேறோர் உண்மையும் வெளிப்படலாம். கல் முகப்போடு கம்பீரமாக நிற்கும் கணப்பின் பின்னே செங்கல்லே இல்லாமல், தொழிற்சாலையில் செய்த மெல்லிய தகரக் கூண்டும் அதை ஒட்டிய மரச்சட்டமுமே இருக்கக்கூடும். செங்கற் கணப்புக்கென்று செய்த இன்செர்ட்டை அதற்குள் வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். கணப்பே இல்லாத கேபினில் அதைக் கால்கொடுத்துத் தனியே நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் அவ்வாறே தவறு. பரிசோதனைக் கூடத்தின் சான்று பெறாத தனியடுப்புக்கே மரச்சுவரிலிருந்து 36 அங்குல இடைவெளி விட வேண்டுமென்பது விதி; இன்செர்ட்டோ தன்னைச் சூழ்ந்த செங்கல்லை நம்பியே வடிவமைக்கப்பட்டது.

“பெரிய அடுப்பாக வாங்கிக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம்” என்பாரும் உண்டு. விறகின் உஷ்ணத்தில் பெரும் பங்கு அதிலிருந்து எழும் வாயுக்களில் அடங்கியிருக்கிறது. அவை முற்றிலும் எரிவதற்குச் சுமார் 600 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் தேவை. சின்ன அறை கொதித்துப்போகாமலிருக்கப் பெரிய அடுப்பின் கழுத்தை நெரித்து வைத்தால், இரவெல்லாம் அது கனன்று புகைந்து, எரிய வேண்டிய சரக்கைப் புகைபோக்கியில் பூசிக்கொண்டிருக்கும். சிறிய அடுப்பில் சிறிய தீயைச் சுறுசுறுப்பாக எரிப்பதே கேபினுக்கு ஏற்றது. பழைய இன்செர்ட்டுகள் பலவற்றில் வெப்பத்தை அறைக்குள் தள்ளுவது மின்விசிறி என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. மின்சாரம் இல்லாத காட்டு வீட்டில் அவற்றின் வெப்பத்தில் பெரும்பகுதி செங்கல்லுக்கே போய்ச் சேரும்.

பைன் விறகு புகைபோக்கியைக் கெடுத்துவிடும் என்பது வெறும் பிரமை. கெடுப்பது ஈரம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்த பைன் நன்றாகவே எரியும். போன வாரம் வெட்டிய ஓக் விறகோ எந்த அடுப்பையும் பாழாக்கும்.

“பழைய பொருளைச் சட்டம் என்ன செய்யும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகு அடுப்புகளின் புகைக்கு முதன்முதலாக வரம்பு விதித்தது. வினையூக்கி இல்லாத அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம் துகள் என்று 1990-இல் அமலான அளவு, 2020-இல் 2 கிராமாகக் குறைந்தது. இந்த விதிகள் வீட்டில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைத் தொடுவதில்லை. எனினும் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சான்றில்லாத பழைய அடுப்பை விற்பதே குற்றம்; ஆரிகனில் வீடு கைமாறும்போது அதை அகற்றிவிடவும் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்பது வழக்கம். சான்று இல்லையென்றால், தீ விபத்துக்குப் பிறகு நஷ்டஈடு கேட்கும் நேரத்தில் சிக்கல் வரலாம். அடுப்பின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ அறைந்த உலோகத் தகட்டில் பரிசோதனைக் கூடத்தின் பெயரும், சுவருக்கு விட வேண்டிய இடைவெளியும் பொறித்திருக்கும். தகட்டைத் துடைத்துப் படித்துப் படம் எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் புகைபோக்கி ஆய்வாளரிடம் காட்டிவிட்டே பணம் கொடுக்க வேண்டும். தகடே இல்லாத அடுப்பானால், பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குத் தரும் விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்கலாகாது.